ஆமை நடந்த பாதை: குழந்தையின் கையில் கணினி



பெற்றோர் சந்திப்பு நாளொன்றில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், வீட்டிலே கைப்பேசியைக் கொடுக்காதீங்கன்னு சொல்றீங்க. பள்ளியிலே நீங்களே கணினி முன்னாடி உட்கார வைக்கிறீங்க. ரெண்டுல எது சரி?"

அளவோடு பயன்படுத்தினால் இரண்டும் சரியே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஊடாடும் தொழில்நுட்பம் குழந்தைகளின் கைக்கு எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று தேடிப் படித்தபோது, ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கால வரலாறு ஒன்று தெரியவந்தது. அத்தாயாரின் கேள்விக்கான விடை அவ்வரலாற்றில் இருப்பதாக எனக்குப் பட்டது. அதனையே இங்கு எழுதுகிறேன்.

யார் யாரை இயக்குவது?

1960-களில் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் இயந்திரம். அதனைக் கல்விக்குப் பயன்படுத்த முனைந்தோருள் பலர், அதனை ஓயாத பயிற்சி ஆசிரியராகவே கருதினர். கணினி கேள்வி கேட்கும். குழந்தை விடை தரும். சரி, தவறு என்று கணினி தீர்ப்புச் சொல்லும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பயிற்சித் திட்டங்கள் உருவாயின.

சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர் இதனைத் தலைகீழாகப் பார்த்தார். 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர் அவர். சிறுவயதில் பற்சக்கரங்களைச் சுழற்றி விளையாடிய அனுபவமே பின்னாளில் தமக்குக் கணிதச் சமன்பாடுகளை நெருக்கமாக்கியது என்று அவர் எழுதியுள்ளார். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் ழான் பியாஜேயுடன் பணியாற்றினார். குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்னும் பியாஜேயின் கொள்கையை நாம் அனைவரும் பயிற்சிக் கழகத்தில் படித்திருக்கிறோம். பேப்பர்ட் அதனை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். பிறர் காணத்தக்க ஒரு பொருளைத் தன் கையால் ஆக்கும்போதுதான் குழந்தை மிக நன்றாகக் கற்கிறது என்றார். கணினி குழந்தையை இயக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை இயக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

1967-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோருடன் இணைந்து அவர் உருவாக்கிய நிரல்மொழியே 'லோகோ'. 'சொல்' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. பெயருக்கேற்ப, தொடக்கத்தில் அது சொற்களையும் தொடர்களையும் கோத்து விளையாடும் மொழியாகவே இருந்தது. கணினிக்கென ஒரு மொழியை வடிவமைக்கும்போது குழந்தைகளை முன்னிறுத்திச் சிந்தித்த தொடக்க முயற்சிகளுள் இது தலையாயது.

ஆமையின் வருகை

1940-களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் அறிவியலாளர், ஒளியை நோக்கி ஊர்ந்து செல்லும் சிறு இயந்திரங்களைச் செய்து அவற்றை ஆமைகள் என்று அழைத்தார். அப்பெயரை லோகோ குழுவினர் எடுத்துக்கொண்டனர். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தரையில் உருண்டு சென்று எழுதுகோலால் கோடு வரையும் ஓர் ஆமை இயந்திரம் லோகோவுடன் இணைந்தது. பின்னர் அதே ஆமை கணினித் திரையிலும் ஏறியது.

'முன்னே 100', 'வலம் 90' என்ற இரு கட்டளைகளை நான்கு முறை திரும்பக் கொடுத்தால் ஆமை ஒரு சதுரம் வரையும். வட்டம் வரைய என்ன செய்வது? பேப்பர்ட் சூத்திரம் சொல்லித் தரவில்லை. நீயே ஆமையாகி நடந்து பார் என்றார். குழந்தை எழுந்து நடக்கும். கொஞ்சம் முன்னே வைத்து, கொஞ்சம் திரும்பும். மீண்டும் கொஞ்சம் முன்னே. ஓர் அடி முன்னே, ஒரு பாகை திருப்பம் என 360 முறை செய்தால் வட்டம் முழுமையாகும் என்பதை அதன் உடலே அதற்குச் சொல்லிக் கொடுக்கும்.

இங்கு இன்னொன்றும் நிகழ்ந்தது. ஆமை தவறான பக்கம் திரும்பினால் யாரும் சிவப்பு மையால் கோடு போடுவதில்லை. எந்தக் கட்டளையில் பிழை என்று தேடித் திருத்தி மீண்டும் ஓடவிட வேண்டும். பிழை ஆய்வுக்குரிய பொருளாயிற்று. நம் வகுப்பறைகளில் பிழை இன்னும் அந்த மதிப்பைப் பெறவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏமாற்றமும் ஒரு படிப்பினையும்

1980-இல் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூல் வெளிவந்தது. சிறு கணினிகள் பள்ளிகளுக்கு வரத் தொடங்கிய காலம் அது. லோகோ பல நாடுகளுக்குப் பரவியது. அதனைக் கற்றால் குழந்தையின் சிந்தனையாற்றலே உயர்ந்துவிடும் என்ற பெரும் எதிர்பார்ப்பும் எழுந்தது.

1984-இல் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரி ஆய்வாளர்களான ராய் பீ, மிடியன் குர்லண்ட் ஆகியோர் அவ்வெதிர்பார்ப்பை ஐயுற்றனர். லோகோவில் நிரல் எழுதப் பழகிய குழந்தைகள், வேறு பணிகளைத் திட்டமிடுவதில் பிறரைவிடச் சிறந்து விளங்கவில்லை என்பது அவர்களின் முடிவு. பள்ளிகளின் ஆர்வம் மெல்லத் தணிந்தது.

1987-இல் பேப்பர்ட் இதற்கு மறுமொழி எழுதினார். லோகோ என்ன பயன் தரும் என்று கேட்பது, மரக்கட்டை நல்ல வீட்டைத் தருமா என்று கேட்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். வீட்டைத் தருவது கட்டையன்று. கட்டுபவரும் அவருடைய திறனும் அவர் வாழும் பண்பாடுமே. கருவியை மட்டும் மையமாக வைத்துக் கல்வியைப் பார்ப்பதே தவறு என்றார்.

ஆய்வாளர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் கண்டதும் உண்மைதான். வாரத்திற்கு ஒரு பாடவேளை, தனியே பூட்டி வைத்த கணினி அறை, பயிற்சியற்ற ஆசிரியர் என்ற நிலையில் எந்தக் கருவியும் அற்புதம் செய்யாது.

மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான கோஸ்டாரிக்கா வேறு வழியில் நடந்தது. 1988-இல் அந்நாட்டு அரசு, ஓமர் டெங்கோ அறக்கட்டளையுடன் சேர்ந்து தொடக்கப்பள்ளிகளில் லோகோவைத் தேசியத் திட்டமாகத் தொடங்கியது. ஆசிரியர்களின் வளர்ச்சியே அத்திட்டத்தின் உயிர்நாடியாகக் கருதப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வறக்கட்டளை பொதுப்பள்ளிகளில் அப்பணியைத் தொடர்ந்தது. ஆசிரியரைச் சேர்த்துக்கொண்ட திட்டம் நிலைத்தது என்பது நம் தொழிலுக்குப் பெருமை தரும் செய்தி.

அருங்காட்சியகத்திற்குத் திரும்பி வந்த பிள்ளைகள்

1989-இன் இறுதியில், விடுமுறை வாரத்தில், பாஸ்டன் நகரின் கணினி அருங்காட்சியகத்தில் ஒரு பட்டறை நடைபெற்றது. லெகோ கட்டைகளையும் லோகோ நிரலையும் இணைத்துப் பிள்ளைகள் இயங்கும் பொருள்களைச் செய்தனர். பட்டறை முடிந்த பின்னரும் அக்கம்பக்கத்துச் சிறுவர் சிலர் திரும்பத் திரும்ப வந்து நுழைய முயன்றனர். பாதுகாவலர்களுக்கு அவர்கள் தொல்லையாகத் தெரிந்தனர். அப்பட்டறையை நடத்தியவர்களுள் ஒருவரான எம்.ஐ.டி. ஆய்வாளர் மிட்செல் ரெஸ்னிக், அவர்கள் வேறோர் இடமின்றித் தவிக்கிறார்கள் என்பதை உணர்ந்தார்.

1993-இல் அவரும் நத்தாலி ரஸ்க்கும் பிறரும் சேர்ந்து அதே அருங்காட்சியகத்தில் 'கணினி மன்றம்' ஒன்றைத் தொடங்கினர். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் அங்கு வரலாம். பாடத்திட்டமும் தேர்வும் இல்லை. இசை, அசைபடம், விளையாட்டு, இயந்திரம் என விரும்பியதைச் செய்யலாம். பெரியவர்கள் தன்னார்வலராக வந்து பக்கத்தில் அமர்ந்து தாங்களும் ஏதேனும் செய்தார்கள். பின்னாளில் அம்மன்றங்கள் பல நாடுகளின் எளிய குடியிருப்புப் பகுதிகளில் தோன்றின.

அம்மன்றப் பிள்ளைகள் தங்கள் கதைகளுக்கு உயிரூட்ட விரும்பினர். ஆனால், அதற்கேற்ற எளிய நிரல்மொழி இல்லை. இக்குறையே 'ஸ்க்ராட்ச்' உருவாக ஒரு தூண்டுகோலாயிற்று. 2007-ஆம் ஆண்டு மே மாதம் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்திலிருந்து அது வெளிவந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். ஒருவர் செய்த படைப்பை இன்னொருவர் திறந்து பார்த்து, மாற்றி, வளர்க்கலாம். இன்று உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பதிவு செய்துள்ளனர். 2016-இல் பேப்பர்ட் மறைந்தபோது, அவருடைய ஆமை ஸ்க்ராட்ச் பூனையாக உலகை வலம் வந்துகொண்டிருந்தது.

தமிழுக்கும் இப்பாதையில் ஓர் அடிச்சுவடு உண்டு. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை என்பார் மாணவர்களை மனத்திற்கொண்டு உருவாக்கியுள்ளார்.

எங்கள் கணினி அறையில்

நம் நாட்டில் 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, மடிக்கணினியும் ஒளிப்படக்காட்டியும் பாடக் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்தன. நான் பணியில் சேர்ந்த புதிதில் அக்குறுவட்டுகளைப் பெருமையோடு பயன்படுத்தினேன். சரியான விடையைச் சொடுக்கினால் கைதட்டல் ஒலிக்கும். தவறானால் ஒரு வேடிக்கையான ஒலி எழும். சில நாள்களில் என் மாணவர்கள் வேண்டுமென்றே தவறான விடையைச் சொடுக்கத் தொடங்கினர். அவ்வொலிதான் அவர்களுக்குச் சிரிப்பூட்டியது. அதனை ஊடாடும் கல்வி என்று நான் நம்பியிருந்தேன். 1960-களின் பயிற்சி இயந்திரத்தையே வண்ணம் பூசி வைத்திருந்தேன் என்பது மிகப் பின்னரே விளங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு ஸ்க்ராட்சில் ஒரு முயற்சி செய்தோம். பள்ளியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டம் செம்பனையாக மாறி வெகு காலமாகிவிட்டது. பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய தோட்ட வாழ்க்கையைக் கேட்டு, குரலைப் பதிவு செய்து, அசைபடமாக்க வேண்டும். முடிந்ததும் ஒரு சனிக்கிழமை பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்துக் காட்டினோம்.

வாசிப்பில் மிகவும் பின்தங்கிய, வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவன், தன் பாட்டி பால்மரம் சீவுவதைச் செய்திருந்தான். மரம், மங்கு, கத்தி எல்லாம் இருந்தன. வானத்தில் மஞ்சள் சூரியன் ஒளிர்ந்தது. பார்த்ததும் பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐயா, உச்சி வெயில்ல யாருடா மரம் சீவுவா? விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். வெயில் ஏறிட்டா பால் ஓடாது."

அவன் அழுதுவிடுவான் என்று நான் அஞ்சினேன். அவனோ கணினியிடம் சென்று சூரியனை நீக்கினான்; பின்னணியைக் கருமையாக்கினான். "விளக்கை எங்கே கட்டுவீங்க பாட்டி?" என்று கேட்டான். அவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவன் அங்கே ஒரு வெளிச்சப் புள்ளியை வைத்தான். பிறகு என்னிடம் வந்து 'விடியல்' என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டான். யாரும் சொல்லாமல் அவன் எழுத முற்பட்ட முதல் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அன்று ஆறு வரிகள் எழுதினான்.

அவ்வாண்டுத் தேர்வில் அவன் புள்ளிகள் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. இதனை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால், எழுதுவதற்குத் தன்னிடம் செய்தி உண்டு, அதைக் கேட்பதற்கு ஆளும் உண்டு என்பதை அவன் அறிந்துகொண்டான். நானும் ஒன்றை அறிந்துகொண்டேன். அவனுடைய பிழையைக் கண்டுபிடித்தது கணினியுமன்று, நானுமன்று. பள்ளிக்கூடமே சென்றிராத ஒரு மூதாட்டி.

அத்தாயாருக்கான விடை

2017-இல் திருத்தப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் நிரலாக்கமும் இடம்பெற்றது. வாய்ப்பு நம் கைக்கு வந்துவிட்டது. அதனை மீண்டும் ஒரு கைதட்டல் குறுவட்டாக ஆக்கிவிடாமல் காப்பது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

அத்தாயாரை மீண்டும் சந்தித்தால் இப்படிச் சொல்வேன்: "அம்மா, பிள்ளை திரையைப் பார்க்கிறானா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவன் எதையாவது ஆக்குகிறானா, அதை யாரிடமாவது காட்ட ஓடி வருகிறானா என்று பாருங்கள். ஓடி வந்தால், கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தவறு இருந்தால் பாட்டியைப் போல் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்."

அந்த ஐந்து நிமிடத்தை எந்த மென்பொருளாலும் தர இயலாது. நாம்தான் தர வேண்டும்.