'கேலி'யிலிருந்து 'பின்தொடர்தல்' வரை: அவளுடைய மறுப்பின் வரலாறு

உடையார்பாளையத்தில் ஜெயங்கொண்டம் போகிற காலை பஸ்ஸுக்கு எங்களோடு நின்றவர்களில் ஒருத்தி ஒருநாள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை. ஒருவன் மாதக்கணக்கில் அவள் பின்னால் வந்தது எல்லோருக்கும் தெரியும். "ஒருதலைக் காதல், பாவம்" என்று அவனுக்காக இரக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். வீட்டில் அவளைக் கேட்டது, "அவன் நிக்கிற பக்கம் நீ ஏன் போற?" படிப்பு நின்றது, அவசரக் கல்யாணம் நடந்தது. அவன் மட்டும் அதே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் மடலேறுதலைக் காதலின் உச்சமாகச் சொல்லித் தந்தார்கள். ஊரைச் சாட்சிக்கு அழைத்து ஒரு பெண்ணை நெருக்கும் உத்தி அது என்று யாரும் சொல்லவில்லை. தொல்காப்பியரோ ஏறிய மடலைப் பெருந்திணையில் வைத்தார். மறுமொழி பெறாமலே தானாகப் பேசி இன்புறுவதைக் கைக்கிளை என்றார். இரண்டும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே. இலக்கணம் வெளியே நிறுத்தியதைத்தான் நம் சினிமா 'துரத்தித் துரத்திக் காதலிப்பது' என்று நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தது.

சட்டத்தின் மொழியையும் இப்படி வாசிக்க வேண்டியிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 354, 509 பிரிவுகளில் காப்பாற்ற முனைந்தது பெண்ணின் 'நாணத்தை'; அவளுடைய விருப்பத்தை அல்ல. 1998இல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்த ஆண்களின் 'விளையாட்டுக்கு' பலியானார். அதன்பின் அவசரச் சட்டமும், அவ்வாண்டே 'ஈவ் டீசிங்' தடைச் சட்டமும் வந்தன. ஓராண்டுவரை சிறை, பத்தாயிரத்துக்குக் குறையாத அபராதம். ஆனால் ஒரு சாவுக்குப் பின்னால் வந்த சட்டத்தின் பெயரே 'சீண்டல்'! பிறகுதான் அந்தத் தலைப்பு 'துன்புறுத்தல்' என்று மாறியது.

1999இல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் கணவனோடு நின்ற பெண்ணை ஒரு போலீஸ்காரரே 'என்னோடு வா, கல்யாணம் செய்துகொள்கிறேன்' என்று மிரட்டினார். வராவிட்டால் கணவன்மேல் வழக்குப் போடுவேன் என்றார். குற்றவியல் நீதிமன்றத்தில் கணவனும் மனைவியுமே பிறழ்சாட்சிகளானார்கள், அவர் விடுதலையானார். அவருடைய பணிநீக்கம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2012 நவம்பர் ஆயிற்று. புகார் கொடுத்தவர்கள் ஏன் பின்வாங்கினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2013இல் வந்த 354டி பிரிவில்தான் சொல் இடம் மாறுகிறது. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டியபின்னும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் குற்றம். நாணம் போய் மறுப்பு மையத்துக்கு வந்தது. ஆனால் மக்களவை விவாதத்தில் சரத் யாதவ், நம்மில் யார்தான் பெண்கள் பின்னால் போகாதவர் என்று கேட்டார். முதல்முறைக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியதாயிற்று. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவிலும் அதுவே நிலை. புகார் கொடுத்தவளுக்கு ஆபத்து கூடுவது அவன் ஸ்டேஷனிலிருந்து கோபத்தோடு திரும்பி வரும்போதுதான்.

எனவே வலுவான சட்டம் என்றால் கூடுதல் வருஷங்கள் மட்டுமல்ல. இடைப்பட்ட நாட்களுக்கான காவல். பிரிட்டனில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்பு கொள்ளவே தடைவிதிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தந்தது. இங்கே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை உண்டு. தெருவில் பின்தொடர்கிறவன் அதற்குள் வரமாட்டான். 2025 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம்தான் அத்தகைய ஆணையை நிர்வாக நடுவரின் கையில் தந்தது.

உடையார்பாளையம் ஒரு வருவாய்க் கோட்டம். கோட்டாட்சியரே நிர்வாக நடுவர். அந்த அலுவலகத்துக்கு ஒரு பெண் தனியாகப் போக முடியுமா? அவள் வாய்வார்த்தை போதுமா, 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்பார்களா? 'நம்ம பொண்ணுங்களைக் காப்போம்' என்று சாதிச் சங்கங்கள் முழங்கும் மாவட்டம் இது. அவளே விரும்பிய வேற்றுச்சாதிக்காரனைப் 'பின்தொடர்ந்தவன்' ஆக்கவும், விரும்பாத சொந்தச்சாதிக்காரனுக்கே அவளைக் கட்டிவைக்கவும் இங்கே ஒரே கை போதும். சட்டம் கேட்க வேண்டியது குடும்ப மானத்தை அல்ல, அவள் சொல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற நாங்களும் அதைத்தான் கேட்கவில்லை.