ஒளிப்படம் பயில்வோரும் மலையகமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அக்கலையில் வல்லோரையே நோக்குவர். அதனைக் கற்கத் தொடங்கித் தடுமாறியோரை நோக்குவோர் அரியர். ஒளிப்படக் கலையைப் பொறுத்தவரை இவ்வழக்கம் ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. படம் பிடிக்கப் பழகுவதென்பது பல படங்களைக் கெடுத்துப் பார்ப்பதாகும். கெடுத்த படத்திற்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுக்கக்கூடியவர் எவரோ அவரே கற்றார். ஏனையோர் படமாகும் பொருளாக மட்டும் நின்றனர். இலக்கமுறைக் கமராவும் அதனை உள்ளடக்கிய கைத்தொலைபேசியும் வந்தபின் இந்நிலை மாறியுள்ளது. அம்மாற்றத்தின் அளவை உணர வேண்டுமாயின், மலையகத்தில் ஒளிப்படம் எவ்வாறு நுழைந்தது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சியாகும்.

(புகைப்படம் என்ற சொல்லே நாட்டில் மிகுதியும் வழங்குகின்றது. புகையிரதத்திலாவது ஒரு காலத்திற் புகை இருந்தது. படத்தில் அது எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆதலின் இங்கு ஒளிப்படம் என்ற சொல்லே ஆளப்படுகின்றது.)

புகையிரதத்திலிருந்தே தொடங்கலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டிற் பூர்த்தியாயிற்று. பேராதனையிலிருந்து பிரிந்த கிளை 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை அடைந்தது. அது நானு ஓயாவைச் சென்றடைய 1885ஆம் ஆண்டாயிற்று. இடைப்பட்ட பத்தாண்டளவான காலத்தில் நாவலப்பிட்டியே மலையேறுவோரின் வாயிலாக விளங்கிற்று. டிம்புளைக்கும் டிக்கோயாவிற்கும் புகையிரதத்திற் புறப்பட்டோர் இங்கிறங்கி வண்டியிலோ குதிரையிலோ கால்நடையாகவோ அப்பாற் செல்ல நேர்ந்தது. நாவலப்பிட்டியில் வளர்ந்த எமக்கு இச்செய்தி பெருமை தருவதாயினும், இங்கு அது வேறொரு காரணத்திற்காகவே கூறப்படுகின்றது.

1875ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவராகிய யூலியா மார்கரட் கமரூன் தம் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். கணவர் சாள்ஸ் ஹே கமரூன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிகோலிய கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவால் வரலாற்று மாணவர் அனைவருக்கும் அறிமுகமானவர். இக்குடும்பத்திற்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அம்மையார் களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயான் தோட்டத்தில் மறைந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. அடுத்த ஆண்டு மறைந்த கணவரும் அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவர்கள் புகையிரதத்தில் மலையேறியிருப்பின் எமது நிலையத்திலேயே இறங்கியிருத்தல் வேண்டும்.

இவ்வம்மையாரை ஈண்டு நினைவுகூர்வது அவர் புகழுக்காகவன்று. அவர் கற்ற முறைக்காகவே. 1863ஆம் ஆண்டு திசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. அப்போது இக்கலையில் அவருக்குச் சிறிதளவும் பயிற்சியில்லை. நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு மனையாகவும் மாற்றினார். தமது முதற் படம் என்னவாயிற்று என்பதை 1874ஆம் ஆண்டில் எழுதிய நினைவுக் குறிப்பில் அவரே கூறுகின்றார். அயலிலுள்ள ஒரு விவசாயியை அமர்த்திப் படமெடுத்து, பின்னர் ஈரம் உலராத கண்ணாடித் தகட்டின் பூச்சின்மேற் கையை உரசிப் படத்தையே அழித்துவிட்டாராம். அடுத்த மாதம் ஆனி பில்பொட் என்னும் சிறுமியின் முகத்தைத் திருத்தமாகப் பிடித்தார். அதுவே தமது முதல் வெற்றியெனப் படத்தின்கீழ்க் குறித்தும் வைத்தார்.

அக்காலத்து ஈரத்தகட்டு முறையை அறிந்தோர்க்கே இத்தடுமாற்றத்தின் விலை புலனாகும். கொலோடியன் என்னும் பிசினைக் கண்ணாடியிற் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடித்தல் வேண்டும். கொலோடியனைக் கரைக்கும் ஈதர் எமது வெப்பத்தில் விரைந்து ஆவியாகிவிடும். கண்ணாடி, வெள்ளி, மருந்து, வெந்நீர் கொண்டுவர ஓர் ஏவலாள், அசையாது அமர ஒருவர் எனத் தவறிய ஒவ்வொரு படத்திற்கும் செலவு இருந்தது. கமரூன் அம்மையாரின் வருவாய் இறுதியில் அருகியதுண்டு. ஆயினும் கற்குங்காலத்தில் அவர் தவறலாம். தெளிவின்மையும் கறைகளும் மலிந்த படங்களெனக் குறைகூறியோருக்கு அவர் செவிசாய்க்கவில்லை. பிழையையே ஒரு பாணியாக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் அமர்ந்திருப்போர் யாவர்? ஆனி பில்பொட்டின் பெயரை நாம் அறிவோம். இங்குள்ள படங்களில் ஒன்று களுத்துறைக் குடியானவர் குழு எனப்படுகின்றது. குடியானவர், இலங்கைப் பெண் என்பதற்கப்பால் அவற்றிற் பெயரில்லை. 1877ஆம் ஆண்டில் களுத்துறைக்கு வந்து அவருடன் தங்கிய ஓவியர் மரியான் நோர்த், தம் நினைவு நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். அம்மையார் உள்ளூர் இளைஞன் ஒருவனின் முதுகழகில் மயங்கி, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டம் இல்லை. நோர்த் இதனை நகைச்சுவையாகவே எழுதினார். ஒருவன் முதுகாக மட்டும் வரலாற்றில் நுழைவதை இன்று வாசிக்கும்போது நகை வருவதில்லை.

கண்டியின் வணிக ஒளிப்படக்காரர் நிலையும் இதனின் வேறன்று. 1860களில் ஜோசப் லோட்டன் கண்டியிற் தொழில் நடத்தினார்; அனுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளை அவர் பிடித்த படங்கள் தொல்லியலுக்குப் பெருஞ் செல்வம். 1870களில் சாள்ஸ் ஸ்கோவன் கண்டியில் நிலையம் வைத்தார். 1890ஆம் ஆண்டிற் தோன்றிய பிளாட்டே நிறுவனம் தேயிலைத் தோட்டக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக உலகெங்கும் பரப்பிற்று. கொழுந்து கொய்யும் பெண், தமிழ்ப் பெண் என்பனவே அத்தகைய அட்டைகளின் தலைப்புகள். இருபதாம் நூற்றாண்டில் கொழும்பின் லயனல் வென்ட் (1900–1944) இக்கலையைத் தாமே முயன்று பயின்று உலகத் தரத்திற்கு உயர்த்தினார். வழக்கறிஞராகப் பயின்று இசைவாணராக வாழ்ந்த அவருக்கும் இருட்டறையில் இரவைக் கழிக்கும் ஓய்வு இருந்தது.

லயக் காம்பராவிலோ ஒளிப்படம் வேறொரு வழியால் நுழைந்தது. அதனை வரவழைத்தது ஆசையன்று, அரசு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. தலைமன்னாருக்குப் புறப்பட்டோருக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது; கடவுச்சீட்டிற்குப் படம் வேண்டியிருந்தது. இங்கேயே தங்கியோருக்கு 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது. நகரத்து ஸ்ரூடியோவிற்கு ஒருநாட் சம்பளத்தை இழந்து செல்லுதல், இரவற் சட்டை அணிதல், ஒரேயொரு முறை கமராவை நோக்குதல் என்றவாறே பலருக்கு அந்த அனுபவம் அமைந்தது. இரண்டாவது படம் எடுப்பாரில்லை. கண் மூடியிருந்தாலும் அதுவே முகம்.

எமது பாட்டிக்கும் ஒரே படந்தான் உண்டு. அடையாள அட்டைக்காக எழுபதுகளில் எடுத்தது. வெண்டிரை நன்கு தெளிவாக விழுந்திருக்கின்றது. முன்னிருந்த முகம் கரிய நிழலாய், கண்கள் மட்டும் தெரிகின்றன. அவர் இறந்தபோது அதனையே பெரிதாக்கி மாலையிட்டோம். பெரிதாக்கியபோது நிழலும் பெரிதாயிற்று. உறவினர் சிலர் அருகிற் சென்று பார்த்துவிட்டு, ஆத்தா மாதிரி இல்லையே என்றனர்.

அம்முகம் ஏன் கறுத்தது என்பதனை ஒளிப்படத்தின் பாலபாடம் படிக்கத் தொடங்கிய பின்னரே எம்மால் விளங்கிக்கொள்ள முடிந்தது. ஒளியை அளக்கும் கருவி தன் முன்னுள்ள காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையதெனக் கொண்டு கணக்கிடுகின்றது. வெண்டிரை பெரும்பகுதியை நிறைத்தால், ஒளி மிகுந்துவிட்டதென எண்ணிக் குறைத்துவிடும். கரிய முகம் மேலும் கறுக்கும். அறிந்த ஒளிப்படக்காரன் முகத்தை மட்டும் அளந்து ஒரு படி கூட்டுவான். கறுத்த முகங்கள் எவருடைய அளவுகோலிலும் முதலிடம் பெறாமை பொதுவான குறையாகும். வண்ணப்படச் சுருள்களைப் பதிப்பதற்கு கொடக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண் ஒருத்தியே இருந்தாள். அவள் தோல் சரியாக விழுந்தால் படம் சரி. தென்னாபிரிக்காவிற் கறுப்பின மக்கள் சுமக்க வேண்டியிருந்த அனுமதிப் புத்தகங்களுக்குத் தம் நிறுவனத்தின் கமராக்கள் பயன்படுவதை எதிர்த்து, 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொலரொயிட் தொழிலாளர் சிலர் போராடினர். 1977ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அந்நாட்டை விட்டு நீங்கிற்று. அடையாளப் படமென்பது எங்கும் அரசியலே.

இனி, இலக்கமுறைக் கமரா மாற்றியது யாது? 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொய்ல், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமிக்கும் சிலிக்கன் சில்லை வகுத்தனர். இதற்காக 2009ஆம் ஆண்டின் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975ஆம் ஆண்டில் கொடக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்ரீவ் சசன் அத்தகைய சில்லைக் கொண்டு முதலாவது இலக்கமுறைக் கமராவை அமைத்தார். அதன் படம் 10,000 புள்ளிகள் மட்டுமே கொண்டது. ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி பிடித்தது. தன் வீட்டிற் பிறந்த இக்குழந்தையைப் பொருட்படுத்தாத அந்நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது வரலாற்றின் குறும்பு. 1990களில் எரிக் பொசம் முதலியோர் வளர்த்த மலிவான சில்லுகளே கைத்தொலைபேசிக்குக் கமராவைக் கொடுத்தன.

பயில்வோனுக்கு இதன் பொருள் எளிது. சில்லின் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த ஒளியை எண்ணாக்குகின்றது. வழமையான படத்தில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. வில்லையின் துவாரம், திரை திறந்திருக்கும் நேரம், உணர்திறன் ஆகிய மூன்றே அவன் கையிலுள்ள திருகுகள். ஒன்றை ஒரு படி கூட்டினால் ஒளி இருமடங்காகும்; மற்றொன்றை ஒரு படி குறைத்தால் சமனாகும். ஈரத்தகட்டிற்கும் இதே கணக்குத்தான். வேறுபாடு, விடையை உடனே காணலாம், விடை பிழைத்தாற் செலவில்லை என்பதில் உள்ளது. முப்பத்தாறு படச் சுருளொன்றை வாங்கிக் கழுவிப் பதிக்க ஒரு தோட்டக் குடும்பத்தால் எத்தனை முறை முடிந்திருக்கும்? இன்று ஒரு காலைப்பொழுதில் நூறு படங்களைக் கெடுக்கலாம்.

யாம் கெடுத்தவை கணக்கில. வட்டவளைப் பக்கத்து மழையும் மூடுபனியும் கமராவிற்குப் பெருஞ் சோதனை. வெண்பனி நிறைந்த மலையை அது சாம்பலாக்கிவிடும். பாட்டியின் வெண்டிரைக்கு நேர்ந்ததுபோலவே. ஒரு படி கூட்டியபின் பனி வெண்மையாகும். மாறாக, வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் ஒருவரின் முகத்திற்காக மிகையாகக் கூட்டினால் வானம் 255ஐத் தொட்டு வெறும் வெள்ளையாகிவிடும். சுருளில் அந்த வானத்தைச் சிறிது மீட்கலாம். இலக்கமுறைப் படத்தில் எண் முடிந்த இடத்திற்கு அப்பால் மீட்பதற்கு எதுவுமில்லை. லயத்தின் உட்புற இருளில் உணர்திறனைக் கூட்டினாற் படம் மணல் தூவியதுபோலாகும். இவற்றை நூலிற் படித்து அறியவில்லை, கெடுத்தே அறிந்தோம்.

கெடுப்பது மலிவானதால் வைத்திருப்பது அரிதாயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை. பாட்டியின் ஒரு படம் ஐம்பதாண்டு பிழைத்தது. எம் நண்பர் ஒருவரின் தொலைபேசி மகாவலியில் விழுந்தபோது அவருடைய தங்கையின் பூப்பு நீராட்டு விழாப் படங்கள் அனைத்தும் அதனுடன் போயின. அஞ்சலட்டைக்காரர் பெயரெழுதாது விட்டனர்; யாமும் எழுதுவதில்லை. தொலைபேசி தானாக இடும் இலக்கமே எமது படங்களின் தலைப்பு.

சென்ற விடுமுறையில் எம் அயலிலுள்ள முதிய தாயொருவரை, அவர் இசைவு பெற்று, வாசற்படியில் இருத்திப் படம் பிடித்தோம். கூரையின் நிழல் விழும் இடமாதலின் ஒளி மென்மையாயிருந்தது. முகத்தை அளந்து அதற்கேற்பக் கூட்டினோம். எடுத்ததும் அவர் கமராவை வாங்கிப் பார்த்தார். "கண்ணை மூடிட்டேன் தம்பி, இது வேணாம். இன்னொன்னு எடு" என்றார். எடுத்தோம். அதுவும் பிடிக்கவில்லை, தலைத்துண்டை அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். ஏழாவது படத்தையே ஏற்றார். அவருடைய முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தோட்டம், பெயர்ப்பதிந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு அப்படத்துடன் எழுதிவைத்துள்ளோம். ஏனைய ஆறையும் அழிக்கவில்லை.