படிகாரமும் பன்னீரும்

சவரக் கத்தி பட்ட தோல் எரியும்; எரியும் தோலைக் குளிர்விக்க ஏதேனும் ஒன்றைத் தேடுவது மனித இயல்பு. நாவிதரின் பெட்டியில் கிடக்கும் படிகாரக் கட்டியையும், வீட்டு அலமாரியில் இருக்கும் பன்னீரையும் நாம் அற்பப் பொருள்களென எண்ணிவிடுகிறோம். அவ்விரண்டின் பின்னும் ஒரு நெடிய வரலாறு உண்டு. அதில் மருத்துவமும் வாணிகமும் அரசியலும் கலந்திருக்கின்றன. நம் சமுதாயம் நின்று சிந்திக்க வேண்டிய ஒரு பாடமும் அதில் இருக்கிறது.

அரபு மொழியில் படிகாரத்திற்கு 'ஷப்பு' என்று பெயர். யமன் தேசத்துச் சரக்கு பெயர் பெற்றிருந்தமையால் 'ஷப்பு யமானீ' என்றே மருத்துவ நூல்கள் அதனைச் சிறப்பித்துரைக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யவன மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் படிகாரத்தின் குணங்களை எழுதிவைத்தார். அவருடைய நூலை பக்தாத் நகரில் இஸ்திஃபன் இப்னு பஸீல் அரபியில் பெயர்க்க, 873-இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தியமைத்தார். 925-இல் மறைந்த அபூபக்ர் அல்-ராஸீ கனிமப் பொருள்களை வகைப்படுத்தியபோது, படிகாரத்தைத் துத்தம், அன்னபேதி ஆகியவற்றின் இனத்தில் சேர்த்தார். இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் தனி மருந்துகளைக் கூறுமிடத்து இதற்கும் இடமளித்தார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தாரின் மருந்துக் களஞ்சியத்திலும் இது உண்டு. துவர்ப்புடையது, குருதிப் பெருக்கை நிறுத்துவது என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த குணம்.

இக்கால வேதியியலும் அதனை மறுக்கவில்லை. பொட்டாசியமும் அலுமினியமும் கந்தகச் சேர்மமாய் நீரோடு கூடிய உப்பே படிகாரம். ஈரத் தோலின்மீது அதனைத் தேய்த்தால் சிறிது கரைந்து, காயத்திலுள்ள புரதத்தை உறையச் செய்கிறது. தோலைச் சுருங்க வைக்கிறது. அதனால் கத்தியின் கீறலில் துளிர்க்கும் இரத்தம் நிற்கிறது. தேய்த்த கணத்தில் சுரீரென்று உறைப்பதும் இதனாலேயே.

இக்கட்டியின் பெருமை சவரத்தோடு நிற்கவில்லை. துணியில் சாயம் பற்றி நிற்கப் படிகாரம் வேண்டும். ஆகவே நெசவு செழித்த நாடுகளெல்லாம் அதற்காகத் தவம் கிடந்தன. மிஸ்ரின் பாலைவனச் சோலைகளில் தோண்டிய படிகாரம் நைல் நதி வழியே இஸ்கந்தரிய்யா சென்று, அங்கிருந்து ஐரோப்பிய வணிகருக்கு விற்கப்பட்டது. அவ்விற்பனை அரசின் தனியுரிமையாய் இருந்ததை, 1209-இல் மறைந்த அய்யூபி அரசின் அதிகாரி இப்னு மம்மாத்தீ எழுதிவைத்திருக்கிறார். பின்னர் ஜெனோவா வணிகர் அனத்தோலியாவின் ஃபோக்காயாச் சுரங்கங்களால் கொழித்தனர். 1455-இல் அவ்வூர் உஸ்மானியர் வசமாயிற்று. சில ஆண்டுகளில் இத்தாலியின் தோல்ஃபா மலையில் படிகாரம் கண்டெடுக்கப்பட்டபோது, இரண்டாம் பயஸ் என்னும் போப்பாண்டவர் அதனைத் துருக்கியர்மீது கிடைத்த வெற்றியாகவே கொண்டாடினார். அதன் வருவாயைச் சிலுவைப் போருக்கு ஒதுக்கவும் செய்தார். கன்னத்தில் தேய்க்கும் கட்டிக்காக இத்தனை பூசல்!

பன்னீரின் கதை சற்று இனிமையானது. பாரசீகத்தின் ஜூர் நகரத்துப் பன்னீர் ஒரு காலத்தில் பல தேசங்களுக்கும் சென்றது. மாமூன் கலீஃபாவின் காலத்து வரிக் கணக்கொன்றை இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில் தருகிறார். அதன்படி பாரிஸ் மாகாணம் பணத்தோடு 30,000 குப்பிப் பன்னீரும் பக்தாதுக்கு அனுப்பியது. ரோஜாவை வரியாகக் கட்டிய நாடு அது!

இனி, நம் மார்க்க வரலாற்றில் இதற்குள்ள இடத்தைக் காண்போம். அறியாமைக் காலத்து அரபிகள் குழந்தை பிறந்தால் ஆட்டை அறுத்து, அதன் இரத்தத்தைக் குழந்தையின் தலையில் பூசினர். இஸ்லாம் வந்தபின் ஆட்டை அறுத்து, தலைமுடி களைந்து, குங்குமப்பூவைப் பூசலாயினர். இதனை புரைதா (ரலி) அவர்கள் அறிவித்ததாக அபூதாவூதில் காண்கிறோம். மழித்த பிஞ்சுத் தலையில் இரத்தம் போய் நறுமணம் வந்தது. ஒரு மார்க்கம் மனிதரை எங்கிருந்து எங்கே உயர்த்திற்று என்பதற்கு இச்சிறு மாற்றமே சான்றாகும். இன்று நம் இல்லங்களில் முடி களைந்த குழந்தையின் தலையில் சந்தனம் பூசுவதும் இவ்வகைப்பட்டதே. நம் மண்ணில் குங்குமப்பூவின் இடத்தைச் சந்தனம் பெற்றது.

நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது மினாவில் தலைமுடி களைந்தார்கள். வலப்புறத்தை முதலில் களையச் சொன்னார்கள். அந்நாளில் கத்தி பிடித்தவர் மஃமர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்பதே அறிஞரிடையே பெயர் பெற்ற கூற்று. அவர் குறைஷியரில் அதிய்யு கிளையினர். உமர் (ரலி) அவர்களின் குலத்தவர். அக்குலத்துப் பெருமகன் ஒருவர் சவரக் கத்தியைக் கையிலேந்தியதை இழிவெனக் கருதியவர் எவருமிலர். அது பெரும் பேறாகவே போற்றப்பட்டது.

பிற்காலத்து இஸ்லாமிய நகரங்களிலும் இத்தொழில் நெறிப்படுத்தப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சந்தை மேற்பார்வையாளருக்கென நூல் செய்த அல்-ஷைஸரீ, குளியலக நாவிதருக்கும் விதிகள் வகுத்தார். கை நளினமானவராய் இருத்தல் வேண்டும். கத்தி கூராய் இருத்தல் வேண்டும். பணி செய்யும் நாளில் வெங்காயம், பூண்டு முதலியவற்றை உண்டு, வாய் நாற்றத்தால் பிறரை வருத்தலாகாது. கூரற்ற கத்தியே தோல் எரிச்சலுக்கு முதற் காரணம் என்பதை இன்றைய தோல் மருத்துவரும் கூறுவர். முடியை நன்றாக நனைத்து மென்மையாக்கி, அது வளரும் திசையிலேயே அழுத்தாது மழித்து, குளிர்ந்த நீரால் கழுவினால் பாதி எரிச்சல் தோன்றாமலே போகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. படிகாரம் குருதியை நிறுத்துமேயன்றி, குருதி வழிப் பரவும் நோயைத் தடுத்துவிடும் என்று நம்பலாகாது. ஒரே கட்டியைப் பலர் கன்னத்தில் தேய்ப்பதும், ஒரே கத்தியால் பலரை மழிப்பதும் ஈரலைத் தாக்கும் 'பி', 'சி' வகைக் கிருமிகளுக்கு வழிதிறக்கும். ஹஜ்ஜின்போது உரிமம் பெற்ற நாவிதரிடமே செல்லுமாறும், ஒருமுறை மட்டும் பயன்படும் கத்தியையே கொள்ளுமாறும் வலியுறுத்தப்படுவது இதனாலேயே. அவரவர்க்கென ஒரு சிறு கட்டி வைத்துக்கொள்வதில் பெருஞ் செலவொன்றும் இல்லை.

ஈழத்து முஸ்லிம்கள் நாவிதரை 'ஒஸ்தா' என்றழைப்பர். 'உஸ்தாத்' என்னும் சொல்லின் திரிபு அது. பாடம் சொல்லும் எங்களையும் அதே சொல்லால்தான் அழைக்கின்றனர். பெயரில் ஆசானாக்கிவிட்டு, பந்தியிலும் சம்பந்தத்திலும் அவரை விலக்கி நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. நம் தலையை நம்பிக்கையோடு குனிந்து கொடுக்கிறோம். நம் பிள்ளையின் முதல் முடியை அவரே களைகிறார். அவருக்கு சலாம் சொல்லிப் பக்கத்தில் அமர்த்துவதில் நமக்கு என்ன தயக்கம்?

தோலின் எரிச்சல் படிகாரத்தால் அடங்கும், பன்னீரால் குளிரும். மனத்தில் பட்ட கீறலுக்கு அவை மருந்தாகா. அதற்கு மருந்து நம் நாவிலும் நடத்தையிலும் இருக்கிறது.