இரண்டு மாத்திரைகளும் பன்னிரண்டு ஆண்டுகளும்

கல்வியாண்டு தொடங்கிப் புதியவர்கள் வந்துசேர்ந்த இரண்டாம் வாரம், எங்கள் ஆய்வு மாணவர் விடுதியின் தாழ்வாரமெங்கும் இருமல் ஒலிக்கும். பழையவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களின் மருத்துவர்களும் இதையே கண்டனர். பல ஊர்களிலிருந்து வந்து ஒரே கூடத்தில் நெருங்கிப் படுத்த புதுவீரர்களே காய்ச்சலில் விழுந்தனர். பழகிய படையினர் நலமாக இருந்தனர். அந்நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் ‘கடும் சுவாச நோய்’. மொழியியல் பயின்றவன் என்பதால் இப்பெயர் என்னை உறுத்துகிறது: எத்தனையோ நோய்களுக்குப் பொருந்தும் பொதுச்சொல் இங்கே தனிப்பெயராக நின்றது.

1953இல் அடினாய்டு திசுவில் ஒரு புதிய வைரஸ் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு மோரிஸ் ஹில்லெமன், முகாம் நோயாளிகளிடமும் அதே குடும்பத்து வைரஸ் இருப்பதை நிறுவினார். ‘அடினோவைரஸ்’ என்னும் பெயர் 1956இல் நிலைபெற்றது. முகாம்களைத் தாக்கியவை பெரும்பாலும் 4, 7 ஆகிய வகைகள். பயிற்சி பெறுவோரில் 80 விழுக்காடு வரை தொற்றுக்கு ஆளாயினர். 20 விழுக்காடு வரை மருத்துவமனை சேர்ந்தனர்.

இதற்குக் கண்ட தீர்வு வியப்புக்குரியது. வலுவிழக்கச் செய்யப்படாத உயிருள்ள வைரஸையே மாத்திரையில் அடைத்தனர். மாத்திரையின் மேற்பூச்சு இரைப்பையில் கரையாமல் குடலில்தான் கரையும். சுவாசப் பாதையில் நோய் தரும் வைரஸ், குடலில் பெருகும்போது நோய் தராமல் எதிர்ப்பாற்றலை மட்டும் தந்தது. வகைக்கு ஒன்றாக இரண்டு மாத்திரைகள். 1971 முதல் புதுவீரர்கள் அவற்றை வழக்கமாக விழுங்கினர். நோய் ஏறத்தாழ மறைந்தது.

அம்மாத்திரையைத் தயாரித்தது ஒரே ஒரு நிறுவனம். ஆலையைப் புதுப்பிக்கும் செலவை யார் ஏற்பது என்பதில் அரசுக்கும் அந்நிறுவனத்துக்கும் உடன்பாடு எட்டப்படாமல், 1996இல் உற்பத்தி நின்றது. 1999இல் கையிருப்பும் தீர்ந்தது. அறிவியல் இங்கே தோற்கவில்லை. கண்ணில் படாத நோய்க்குப் பணம் ஒதுக்க எவருக்கும் மனம் வரவில்லை என்றே நான் கருதுகிறேன். தலைமாடும் கால்மாடும் மாறிமாறி அமையப் படுக்கைகளைப் போட்டனர். கை கழுவுதலை வலியுறுத்தினர். நோய் திரும்பிவிட்டது. 2000இல் இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி மையத்தில், அதுவரை நலமாயிருந்த இளைஞர் இருவர் இத்தொற்றோடு தொடர்புடைய நோயால் இறந்தனர்.

புதிய ஆலை அமைத்து, சோதனைகளை நடத்தி, மீண்டும் ஒப்புதல் பெற்றது 2011 மார்ச்சில். அவ்வாண்டு அக்டோபரில் முகாம்களுக்குத் திரும்பியவை அதே வகைகளுக்கான அதே இரண்டு மாத்திரைகள்தாம்.