மீன்தொட்டி நத்தைகள்

நன்னீர் மீன்தொட்டியில் யாரும் விடாமலே வந்து பெருகும் சிறு நத்தைகள். பெரும்பாலும் கடையில் வாங்கிய நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கும் கூழ் போன்ற முட்டைத்திரள் வழியே நுழைகின்றன. இடப்புறம் சுழன்ற ஓடுடைய ஃபைசெல்லா அக்யூட்டா இருபாலுயிரி. துணையின்றியும் இனம் பெருக்க வல்லது. கூம்பாக நீண்ட ஓடுடைய மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா முட்டையிடாமல் குட்டி ஈனும். அதற்கு ஆண் தேவைப்படுவதில்லை. பகலில் மணலுக்குள் புதைந்துகிடப்பதால் கண்ணில் படுவதைவிட அதன் எண்ணிக்கை அதிகமாகவே இருக்கும்.

பெருக்கத்துக்கு முதற்காரணம் மிஞ்சும் தீனி. அதைக் குறைக்காமல் செய்யும் எந்த வைத்தியமும் வீண். சில நத்தைகள் இருப்பதால் கெடுதல் இல்லை; பாசியையும் அழுகிய இலையையும் அவை தின்றுதீர்க்கும். அளவு மீறினால், இரவில் ஒரு வெள்ளரித் துண்டை அடியில் இட்டு, காலையில் மொய்த்தவற்றோடு எடுத்துவிடலாம். செம்பு கலந்த மருந்துகள் நத்தையோடு இறாலையும் கொல்லும். மொத்தமாகச் செத்து அழுகும் நத்தைகளால் அம்மோனியா ஏறி மீன்களும் மடியக்கூடும். நத்தையைத் தின்னும் தென்கிழக்காசிய நத்தையான அனென்டோமி ஹெலினா மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஆபத்து குறைவு. கேரள ஆறுகளில் வாழும் குள்ளப் பேத்தை மீனும் நத்தைப் பிரியன்; பிற மீன்களின் துடுப்பைக் கடிப்பதால் பல மீன்கள் வாழும் தொட்டிக்கு அது ஆகாது.