கடைக்கண், கடாட்சம், சிறக்கணிப்பு

நேராப் பார்க்காம கண்ணோரத்தால் பார்ப்பதற்குத் தமிழில் எத்தனை சொல் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? கடைக்கண், ஓரக்கண், கடாட்சம்... இன்னும் கொஞ்சம் தோண்டினா சிறக்கணித்தல். இதில் இரண்டுக்கு காஞ்சிபுரத்தோட உறவு உண்டு.

கடைக்கண்ணில் ஆரம்பிப்போம். கண்ணின் கடை, அதாவது ஓரம். 'கண்கடை' என்பது முன்பின்னா மாறி நிற்பதால், இலக்கணப்போலிக்கு உதாரணமா பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். வடமொழியில் இதுவே கடாட்சம். (கடைக்கண்தான் கடாட்சம் ஆச்சுன்னு வாதாடுபவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை சாமி :-))

காஞ்சி காமாட்சி மேல் மூகர் பாடிய வடமொழி நூல் மூக பஞ்சசதி. ஐந்து சதகம், ஐந்நூறு பாட்டு. அதில் ஒரு சதகம் முழுக்க, அதாவது நூறு பாட்டு, அம்மனின் கடைக்கண் பார்வை மேல மட்டும்! மூகர்னா ஊமை. அவள் அருளால் பேச்சு வந்து கவி ஆனார் என்பது ஐதீகம். முழுசாத் திரும்பக்கூட வேண்டாம், ஓரமா ஒரு பார்வை போதும். கேட்பவனின் நிலைமை அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. இன்னிக்கு 'லட்சுமி கடாட்சம்'னு சொல்றப்ப கண் காணாமப் போய், அருளும் காசும்தான் மிச்சம்.

அடுத்தது சிறக்கணித்தல். குறள் 1095-ல வருது. அவள் என்னைக் குறிவைத்துப் பார்க்கலை, அவ்வளவுதான். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவள் போலப் பார்த்து உள்ளுக்குள்ள சிரிக்கிறாள் என்கிறான் காதலன். இன்னிக்கு இந்தச் சொல்லைப் பார்த்தா 'சிறப்பாகக் கணித்தல்'னுதான் நினைப்போம்! பழைய உரைகள் இல்லைன்னா இதன் பொருள் நமக்கு எட்டியிருக்காது. அந்த உரைகாரர்களில் பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது வழிவழியா வரும் செய்தி.

இந்தக் குறள் இருக்கும் 110-வது அதிகாரத்தின் பேர் குறிப்பறிதல். இதே பேர்ல பொருட்பாலிலும் ஓர் அதிகாரம் இருக்கு, 71-வது. அங்கே அரசன் மனசை அமைச்சன் கண்ணைப் பார்த்துப் படிக்கணும். அம்மன், அரசன், காதலி, யாரா இருந்தாலும் கதை ஒண்ணுதான்: பார்வை ஒருத்தருடையது, அதைப் படிச்சுக் காத்துக்கிடக்கிற வேலை இன்னொருத்தருக்கு.

ஆனா ஒரு வித்தியாசம். 71-வது அதிகாரம் 710-ல முடியறப்பவும் கண் ஓர் அளவுகோலாத்தான் இருக்கு. 110-வது அதிகாரம் முடியும் 1100-லயோ, இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் ஒத்துப் போயிடுது, அதுக்கப்புறம் வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லைன்னுடறார் வள்ளுவர். காதலில் மட்டும்தான் கடைக்கண் ஒருநாள் நேர்க்கண் ஆகுது.