மந்திரிமனை: நல்லூரின் பழங்கட்டடமும் பராமரிப்புக் கடனும்

1. களம்

2025 செப்டெம்பர் மழையில் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பருத்தித்துறை வீதியில், சட்டநாதர் கோயிலுக்கு அண்மையில் உள்ள இக்கட்டடம் தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுள் ஒன்று. சங்கிலியன் தோரண வாயிலும் யமுனா ஏரியும் அதன் சுற்றாடலிலேயே உள்ளன. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினான்; 1621இல் பழைய கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அதன்பின், அந்த இராச்சியத்தின் தலைநகராயிருந்த நல்லூரின் நினைவைச் சுமந்து நிற்பவை இவை போன்ற சிலவே. அவற்றுள் ஒன்று போரையும் தாண்டி நின்றுவிட்டு, சட்டப் பாதுகாப்பில் இருந்தபோதே சரிந்தது ஏன் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. காலம் பற்றிய வழக்கு

யாழ்ப்பாண அரசரின் மந்திரி வாழ்ந்த மனை இது என்பது ஊர் மரபு. இன்று காணும் முகப்போ ஐரோப்பியர் ஆட்சிக்காலச் சாயலுடையது. ஒரு கட்டடத்தில் படிந்த எல்லாக் காலத்தின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும் என்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும் என்றும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகிறது. ஆகவே அரச மாளிகையாகக் கற்பனை செய்து புதுப்பிப்பதும் தவறு. பிற்காலத்தது என்று கைவிடுவதும் தவறு. அத்திவாரத்தின் வயதை அகழ்வாய்வு ஆறுதலாகச் சொல்லட்டும். ஒழுகும் கூரை அதுவரை காத்திராது.

3. சட்டமும் காணி உறுதியும்

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தனியார் காணியில் உள்ள கட்டடத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க இடமளிக்கிறது. அறிவித்தபின் அனுமதியின்றி அதை மாற்றவோ இடிக்கவோ முடியாது. ஆனால் உறுதி உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். மந்திரிமனையும் தனியார் காணியில் நிற்பது. சீரமைப்பு தடைப்பட்டதற்கு இந்த உரிமைச் சிக்கலே காரணமாகச் சொல்லப்பட்டது.

நல்லூரின் பழைய வளவுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் வழியில் முதுசமும் சீதனமும் பங்கு பங்காக இறங்குகின்றன. பங்காளிகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில், ஒருவர் இலண்டனில். எல்லோருடைய கையெழுத்தும் சேர்வதற்குள் வளை செல்லரித்துவிடும். உரிமையாளரைக் குற்றவாளியாக்குவது எளிது. அதை நான் ஏற்கவில்லை. விற்கவும் தடங்கல், திருத்தவும் அனுமதி, உதவியோ இல்லை என்ற நிலையில் எந்தக் குடும்பமும் பழைய வீட்டைச் சுமையாகவே காணும்.

4. நம்பிக்கையின்மை

அரசே காணியைச் சுவீகரிக்கலாமே என்பது அடுத்த கேள்வி. வடக்கில் அந்தச் சொல்லே அச்சம் தருவது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. இத்தகைய அனுபவம் உள்ள மக்கள், தமிழ் மன்னரோடு தொடர்புடைய சின்னத்தைக் காக்க வரும் திணைக்களத்தையும் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

5. செய்யத்தக்கது

உறுதியை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, பராமரிப்பை மட்டும் குறித்த காலத்துக்கு ஏற்கும் உடன்படிக்கை தேவை. அதில் திணைக்களத்தோடு யாழ். மாநகர சபையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையும் ஒப்பமிட வேண்டும்; செலவுக்கு ஊரும் புலம்பெயர்ந்தோரும் கைகொடுக்கலாம். வேலை சுண்ணாம்புச் சாந்தில் நடக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரைத் தின்னும். நம் கோயில் திருப்பணிகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

உடன்படிக்கை வரும்வரை செய்ய வேண்டியவை இரண்டு: விழுந்த கல்லையும் மரத்தையும் இலக்கமிட்டு ஒதுக்கி வைத்தல், வடகீழ்ப் பருவமழைக்கு முன் எஞ்சிய சுவர்களுக்கு முட்டுக்கொடுத்து மேலே தகரக் கூரை போடுதல்.